கோட்டை வாயிலில் ஒரு வரைபடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜேர்மனியில் வசிக்கும் மகளின் குடும்பத்தோடு, பிள்ளைகளின் கோடை விடுமுறையில், குரோசியாவின் துப்ரோவ்னிக் நகரைப் பார்த்து வந்தேன். 2023 ஜனவரியில் அந்நாடு ஷெங்கன் வலயத்தில் சேர்ந்துகொண்டதால், ஜேர்மனிக்கு எடுத்த விசாவே அங்கு செல்வதற்கும் போதுமாயிருந்தது. அங்கே கண்ட ஒன்றை எமது யாழ்ப்பாணக் கோட்டையின் பொருட்டுத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

அட்ரியாட்டிக் கடலோரத்தில் 1,940 மீற்றர் நீளமான கல்மதிலுக்குள் அமைந்திருக்கும் அப்பழைய நகரை யுனெஸ்கோ 1979 இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. மதிலின் மேலே நகரைச் சுற்றி நடந்துவரலாம். பங்குனி, சித்திரை வெயிலில் பழகிய எனக்கே அந்த நண்பகல் வெக்கை தாங்க முடியாததாயிருந்தது. வாயிலைக் கடந்ததும் நிற்கும் ஒனோஃபிரியோ நீரூற்றில், 1438 இல் அமைக்கப்பட்ட அதன் கல்முகங்களின் வாய்களிலிருந்து இன்றும் வழிகிற குளிர்ந்த நீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டே ஏறினோம்.

மதிலில் நடக்கும்போது பேத்தி கீழே கைகாட்டி, "அம்மம்மா, ஏன் ஓடெல்லாம் ரெண்டு நிறம்?" என்று கேட்டாள். உண்மைதான். ஒரு கூரை வெயிலும் மழையும் தின்று மங்கிய மஞ்சளாயிருந்தது. அதனை ஒட்டிய கூரை செக்கச்செவேலென்றிருந்தது. விடை வாயிலருகே சுவரில் மாட்டப்பட்டிருந்தது. 1991, 1992 ஆம் ஆண்டுகளில் யூகோஸ்லாவியப் படையின் எறிகணைகள் எந்தெந்த வீட்டின்மீது விழுந்தன, எது முற்றாக எரிந்தது, எதன் கூரை உடைந்தது என்பதைத் தனித்தனி அடையாளங்களால் காட்டும் நகர வரைபடம் அது. விளக்கம் பல மொழிகளில் எழுதப்பட்டிருந்தது. பழைய நகரின் 824 கட்டடங்களில் 563 தாக்கப்பட்டன. ஒன்பது முற்றாக எரிந்தன. 1991 டிசம்பர் 6 ஆம் திகதித் தாக்குதலுக்காகப் படைத் தளபதிகள் இருவர் பின்னர் ஹேக் நகரத் தீர்ப்பாயத்தில் தண்டனை பெற்றார்கள். பழைய நிறத்து ஓடு போதியளவு கிடைக்காமையால் வெளிநாடுகளிலிருந்தும் தருவித்து வேய்ந்தார்கள். அந்த வரைபடத்தின் முன்னே நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். பிள்ளைகள்தாம் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள்.

ஊர் திரும்பியபின் ஒரு மாலையில் எங்கள் கோட்டைக்குப் போனேன். போர்த்துக்கேயர் தொடங்கி, 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டிய கோட்டை இது. மதில்கள் பெருமளவு சீர்செய்யப்பட்டு, பண்ணைக் கடற்காற்று வாங்கச் சனம் மாலையில் வருவது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் உள்ளே கிடக்கும் முருகைக்கற் குவியல்களுக்கு அருகில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்த இளைஞர்களிடம், இந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அது 1706 இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம். 1990 முற்றுகையும் அதன் பின்னான யுத்தமும் அதனைக் கல்மேடாக்கிவிட்டன. அருகிலிருக்கும் நூலகத்தை வெள்ளை வெளேரென்று மீளக் கட்டியிருக்கிறோம். 1981 இல் அது எரிந்த கதையையும் இப்பிள்ளைகள் நாம் சொன்னால்தானே அறிவார்கள்?

ஆகவே, பொறுப்பானவர்களிடம் நான் கேட்பது பெருஞ்செலவான ஒன்றன்று. எந்தக் கட்டடம் எங்கே நின்றது, எது எப்போது அழிந்தது, எது மீளக் கட்டப்பட்டது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் காட்டும் ஒரு வரைபடத்தைக் கோட்டை வாயிலில் வைக்கவேண்டும். துப்ரோவ்னிக்கின் மதில்களை 1952 இல் தொடங்கிய ஒரு மரபுரிமைச் சங்கம் நுழைவுக் கட்டண வருமானத்தைக் கொண்டு பராமரித்து வருகிறது. அத்தகைய ஏற்பாடு ஒன்றையும் இங்கே ஆராயலாம்.

காலம் தாழ்த்தலாகாது. யுத்தத்துக்கு முன்னர் கோட்டைக்குள் போய்வந்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. பாடசாலைச் சிறுமியாக நான் அத்தேவாலயத்தினுள் நின்று, தரையில் பதித்திருந்த கல்லறைக் கற்களின் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். வரைபடம் தயாரிக்க எவராவது முன்வந்தால், அந்த இடத்தைக் காட்டித்தர நான் ஆயத்தமாயிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வண்ணார்பண்ணை, யாழ்ப்பாணம்.