நேரம் ஒதுக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

குறுக்கீட்டுமானி (பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைத்துப் பார்க்கும் கருவி) ஆய்வகங்களில் தொலைநோக்கி நேரம் ஒதுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். விண்ணப்பங்கள் எவ்வளவு குவிகின்றன, கையில் இருக்கும் இரவுகள் எவ்வளவு குறைவு என்பது எங்களுக்கும் தெரியும். இருந்தாலும் இந்தச் சுற்றில் நடந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் கேட்டது ஒரு துடிக்கும் செம்பெருமீனின், அதாவது விரிந்து சுருங்கும் ஒரு பெரிய சிவப்பு விண்மீனின் படம். தொலைநோக்கிகளைக் கிட்ட வைத்தும், கொஞ்சம் தள்ளியும், எட்ட வைத்தும் மூன்று அமைப்புகளில், சில வாரங்களுக்குள் பார்த்தாக வேண்டும் என்று எழுதியிருந்தோம். மூன்றையும் கொடுத்தீர்கள், நன்றி. ஆனால் முதலாவது பருவத் தொடக்கத்தில். கடைசியானது பல மாதம் கழித்து. அதற்குள் விண்மீன் சுருங்கிவிட்டது. கிட்ட வைத்து எடுத்த தரவு ஒரு விட்டத்தைச் சொல்கிறது, எட்ட வைத்து எடுத்தது வேறொன்றைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் மென்பொருள் மறுப்பதில்லை. இல்லாத வெளிச்சத் திட்டுகளைப் போட்டு அழகாகவே ஒரு படம் வரைந்து தருகிறது. அதை நம்பி யார் வெளியிடுவது?

நான்கு தொலைநோக்கிகளை இணைத்தால் ஒரு நேரத்தில் ஆறு அடிக்கோடுகள்தான், அதாவது இரண்டிரண்டு தொலைநோக்கிகளுக்கு இடையிலான ஆறு இடைவெளிகள்தான். மீதியைப் புவியின் சுழற்சியும் அமைப்பு மாற்றமும்தான் தர வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? 2018-ல் சிலியின் பாரனல் ஆய்வகத் தரவிலிருந்து பை-1 குரூயிஸ் என்ற செம்பெருமீனின் படம் வெளிவந்தபோது எல்லோரும் கொண்டாடினோம். மேற்பரப்பில் சுமார் 12 கோடி கிலோமீட்டர் அகலமுள்ள வெப்பச்சலனக் குமிழ்கள் (உள்ளிருந்து மேலெழும் சூடான வாயுத் திரள்கள்), விண்மீனின் விட்டத்தில் ஏறக்குறைய கால்பங்கு! அந்தத் தரவைப் பருவம் முழுக்கச் சிதறவிட்டிருந்தால் அப்படி ஒரு படம் கிடைத்திருக்குமா?

விட்டம் என்ற ஒற்றை எண் போதுமென்றால், மைக்கல்சன், பீஸ் என்ற அமெரிக்க அறிவியலாளர்கள் 1920-லேயே கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஆறு மீட்டர் உத்திரத்தில் கண்ணாடிகளை மாட்டித் திருவாதிரையை அளந்துவிட்டார்கள். இத்தனை காலம் கழித்து, தாமதப் பாதைகளுக்கும் (தொலைநோக்கிகளின் ஒளி ஒரே நேரத்தில் வந்து சேரும்படி பாதை நீளத்தைச் சரிசெய்யும் அமைப்புகள்) அகச்சிவப்புக் கருவிகளுக்கும் கொட்டிய பணம் மறுபடியும் ஒரு விட்டம் வாங்கத்தானா? புதுக் கருவி என்றால் திறப்பு விழாவுக்கு எல்லோரும் வருகிறார்கள். அட்டவணை போடத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

சரி, கோபத்தை விடுகிறேன். கேட்பது ஒன்றுதான்: மாறும் விண்மீன்களுக்கு எல்லா அமைப்புகளையும் சில வாரங்களுக்குள் சேர்த்துக் கொடுங்கள். மேகம் ஓர் இரவைத் தின்றால், ஈடாகத் தரும் இரவும் அதே வாரங்களுக்குள் இருக்கட்டும். எல்லோருக்கும் அப்படித் தர முடியாதுதான். அப்படியென்றால் எங்கள் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டு வேறொருவருக்காவது முழுசாகக் கொடுங்கள். அடுத்த அழைப்புக்கு முன் உங்கள் முடிவைத் தெரிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
படம் கேட்டு விட்டம் பெற்ற ஓர் ஆய்வாளர்