கீமோவுக்குப் பின் வரும் மறதி

அன்பு மகளுக்கு,

வகுப்பில் பாடம் நடத்தும்போது நன்றாகத் தெரிந்த சொல் கூட நாவுக்கு வர மறுக்கிறது என்றும், உன் பாட்டியைப் போல உனக்கும் மறதி நோய் வந்துவிட்டதோ என்றும் நீ தொலைபேசியில் அழுததைக் கேட்ட பிறகு, சொல்ல வேண்டியதை நிதானமாக எழுதிவிடுவதே நல்லது என்று எனக்குப் பட்டது.

புற்றுநோய் வார்டில் செவிலியாக இருந்த காலமெல்லாம் உன்னைப் போலக் கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை, எடுத்துக்கொண்ட பல பெண்கள் இதே குறையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை வெறும் மனக்கவலை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அது நியாயமே அல்ல. சிகிச்சையின்போது நூற்றுக்கு 75 பேர் வரை நினைவிலோ கவனத்திலோ தடுமாறுவதாகவும், முடிந்த பிறகு 35 பேர் வரைக்கும் அது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிப்பதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. கீமோ தொடங்கும் முன்பே 30 பேர் வரை தடுமாறுகிறார்கள் என்பதால், பழியை முழுவதும் அந்த மருந்தின் மேல் போடவும் முடியாது. நோய் உடலில் கிளப்பிவிடும் அழற்சி, இரத்தசோகை, தூக்கமின்மை, ஸ்டீராய்டு, வாந்தியைத் தடுக்கும் சில மாத்திரைகள், மாதவிடாய் திடீரென நின்றுபோவது, நீ இப்போது சாப்பிடும் டமாக்சிஃபென் என்று பலவும் இதில் சேர்ந்திருக்கலாம். அதற்காக டமாக்சிஃபெனை நீயாக நிறுத்திவிடாதே. அது நோய் திரும்பி வராமல் காக்கும் மருந்து.

பாட்டிக்கு வந்தது வேறு. அது நாளுக்கு நாள் முற்றியது, தாம் மறக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. உனக்கோ தேடிய சொல் சற்றுத் தாமதித்தாவது வந்துவிடுகிறது. பெரும்பாலானோருக்கு இது மெல்ல மெல்லக் குறையவும் செய்கிறது.

எப்போது, எந்த வேலையில் மறதி வருகிறது என்று குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டு. ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் பார்க்கச் சொல், ஏனெனில் அவற்றில் குறையிருந்தால் சரிசெய்துவிடலாம். இந்த மறதிக்கென்று தனி மாத்திரை கிடையாது. நடைப்பயிற்சி பலருக்கு உதவுகிறது, எனவே மாலையில் நட. விடாத தலைவலி, திடீர்க் குழப்பம், கை கால் தளர்ச்சி, வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கடினமான பாடங்களைக் காலை வேளையில் வைத்துத் தரும்படி தலைமையாசிரியையிடம் கேட்பதில் வெட்கமென்ன? "இதைக்கூடவா மறந்தாய்" என்று கேட்க வேண்டாமென மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன். அடுத்த பரிசோதனைக்கு உன்னுடன் நானும் வருகிறேன். மருத்துவர் சொல்வதை எழுதிக்கொள்ளும் வேலையை என்னிடம் விட்டுவிடு.

அன்புடன்,
அம்மா