ஆய்வுகூடத்துக்கு நேரில் போ, மகள்

களுவாஞ்சிகுடி

அன்பு மகளுக்கு,

அடுத்த தவணை இரசாயனவியலை ஒன்லைனில் எடுக்கவா, வளாகத்துக்குப் போய்ப் படிக்கவா என்று கேட்டிருந்தாய். ரொறன்ரோ குளிரில் பஸ் பிடிப்பது கஷ்டம்தான், விளங்குது.

விரிவுரை மட்டும் என்றால் ஒன்லைன் நல்லதுதான். விளங்காத இடத்தை நிறுத்தித் திருப்பிக் கேட்கலாம். வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைகளும் கேள்வியை எழுதிக் கேட்பார்கள். 2020இல் அண்ணா வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கும்போது எல்லாம் சூமுக்கு மாறியது. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்த அவனுடைய கூட்டாளிகளுக்குச் சிக்னல்தான் பிரச்சினை. அலைச்சல் இல்லை என்று முதலில் சந்தோஷப்பட்டவன், வேறு யாரோ எடுத்த வாசிப்புகளை வைத்துச் செய்முறை அறிக்கை எழுத வேண்டி வந்ததும் சலித்துப்போனான்.

அமிலத்துக்குள் காரத்தை அளந்து விட்டு, அமிலம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் நியமிப்பையே எடு. ஒரு கை அளவியின் (காரம் நிரப்பிய அளவுக் குழாயின்) திருகில், மறு கை கூம்புக் குடுவையைச் சுழற்றும். காரம் விழும் இடத்தில் இளஞ்சிவப்பு வந்து வந்து மறையும். மறைவது மெதுவாகத் தொடங்கினால் துளித்துளியாக விட வேண்டும். மங்கலான நிறம் 30 செக்கன் நின்றால் அதுதான் முடிவுப்புள்ளி. கொஞ்சம் கூடினாலும் குடுவை முழுக்கக் கடும் நிறம். திரும்ப முதலில் இருந்து. என் உயர்தர வகுப்பில் வீடியோ பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் படிமுறைகளைப் பிழையில்லாமல் ஒப்புவிப்பார்கள். திருகைத் தொட்டதும் 5 மில்லிலீற்றர் ஓடிவிடும்.

"ஒன்லைனில் நல்லா விளங்குது" என்றாய். அந்த எண்ணத்தை முழுக்க நம்பாதே, மகள். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியல் வகுப்புகளில் செய்த ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. விரிவுரை, குழுவாகக் கணக்குச் செய்வது என்ற இரண்டு விதத்தையும் ஒப்பிட்டார்கள், இரண்டும் நேரடி வகுப்புகள்தான். சரளமான விரிவுரையைக் கேட்ட மாணவர்களுக்குக் கனக்கப் படித்த மாதிரி இருந்தது. குழுவாக இருந்து கணக்கோடு மல்லுக்கட்டியவர்களுக்குக் குறையப் படித்த மாதிரி. சோதனையில் கூடப் புள்ளி எடுத்தவர்கள் மல்லுக்கட்டியவர்கள்தான். திரையில் ஓடும் விரிவுரையும் அப்படித்தான் சரளமாகப் போகும் என்பது என் எண்ணம்.

சரி, இப்படிச் செய். விரிவுரையை ஒன்லைனில் எடு, உன் வேலை நேரத்துக்கும் அது வசதி. கணக்கு வரும் இடத்தில் நிறுத்தி, நீயே செய்து பார்த்துவிட்டு மிச்சத்தைப் பார். ஆய்வுகூடத்தை மட்டும் நேரில் எடு. வேலை நேரம் குறைந்து காசு தட்டுப்பட்டால் மறைக்காமல் எழுது, அப்பா பார்த்துக்கொள்கிறேன். இடம் நிரம்ப முதல் இந்தக் கிழமையே பதிந்துவிட்டு அம்மாவுக்கு ஒரு கோல் எடு.

அன்புடன்,
அப்பா