நிறுத்துவதற்கு ஒரு கார்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்கு விடு. மாத்திரை விஷயத்தில் நீ ஹாஸ்டல் காலத்திலிருந்து காட்டும் சோம்பேறித்தனம் கண்ணுக்கு ஆகாது. பாளையங்கோட்டையில் புதிதாக ஒன்றுமில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார்தான் படுத்துக்கொண்டது. முப்பது வருஷம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவன் வீட்டு மோட்டாருக்கு ஆள் தேடி அலைகிறான் என்று என் வீட்டுக்காரி தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் முதல் வாரம் நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் போய் இறங்குகிறோம், மகள் வீட்டில் தங்குகிறோம். அதுவரை உனக்கும் எனக்கும் தகராறு இல்லை. அங்கிருந்து நாம் நாலு பேரும் தெற்கே போகப்போகிற அந்த வாரத்தில்தான் தகராறு. “நாலு கிழடுகள், தெரியாத ஊர், எதுக்குடா கார்? டூர் பஸ்ஸில் ஏறினோமா, அவன் காட்டினதைப் பார்த்தோமா, இறங்கினோமா என்று இரு” என்று எழுதியிருக்கிறாய். மகளுக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடையாது, மருமகனும் வர முடியாது. ஆக, ஓட்டினால் நாம்தான் ஓட்ட வேண்டும். உன் பயம் நியாயமானதுதான். ஆனால் நீ பயப்படுகிற விஷயம் வேறு, பயப்பட வேண்டிய விஷயம் வேறு.

முதலில் உன் பயத்தை எடுத்துக்கொள்வோம். அங்கேயும் நம்மைப்போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். வாடகை வண்டி பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். கியர் போட்டே பழகிய இடது கைக்கு ஒரு நாள் வேலையில்லாமல் அரிக்கும், அவ்வளவுதான். லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் அதை வைத்தே ஓட்டலாம். நம் ஊர் கார்டு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் ஆர்டிஓ ஆபீஸில் சர்வதேச பெர்மிட் ஒன்றும் வாங்கிவைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். வண்டி கொடுக்கிற கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நாம் ஏன் பரீட்சை வைக்க வேண்டும்? ராத்திரி எதிர்வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசும் என்று எழுதியிருந்தாய். டிசம்பரில் அங்கே சூரியன் ஒன்பது மணி வாக்கில்தான் மறைகிறது. சாப்பிட்டுவிட்டு ஒரு நடை போய்வந்தாலும் வெளிச்சம் இருக்கும். நாம் இருட்டில் ஓட்டப்போவதே இல்லை.

இனி, பயப்பட வேண்டியது. அங்கே நெடுஞ்சாலை என்றால் நம் நான்குவழிச் சாலையை நினைத்துக்கொள்ளாதே. பெரும்பாலும் போக ஒன்று, வர ஒன்று, நடுவில் கோடு மட்டும். அதில் நூறு கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி. நூறு என்பது உச்சவரம்பு, அதில்தான் ஓட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வளைவு வந்தால் மஞ்சள் பலகையில் 35, 45 என்று எழுதியிருக்கும். அதை மதித்தால் போதும். கல்லட்டி மலைப்பாதையில் துறை ஜீப்பை ஏற்றி இறக்கியவனுக்கு வளைவு பெரிய விஷயமில்லை. எனக்கு யோசனை தருவது ஒற்றைத்தடப் பாலங்கள்தான். அவர்கள் ஊரில் ஆறு அதிகம், ஆள் குறைவு. அதனால் பல பாலங்கள் ஒரு வண்டி அகலத்துக்கே கட்டியிருக்கிறார்கள். பலகையில் நம் பக்கத்து அம்புக்குறி சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நாம் நின்று வழிவிட வேண்டும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு என்றால் முதலில் போகும் உரிமை நமக்கு. உரிமை இருந்தாலும் எதிரில் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும், ஏனென்றால் எதிரே வருகிறவனும் நம்மைப்போலச் சுற்றுலா வந்தவனாக இருப்பான்.

ரவுண்டானாவில் வலது பக்கம் வருகிறவனுக்கு வழி. இது நம் ஊரிலும் சட்டம்தானாம்! வண்ணார்பேட்டையில் யாருக்காவது சொல்லிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, மெதுவாகப் போகிறேன் பேர்வழி என்று பின்னால் பத்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகக் கூடாது. ஓரம் அகலமாக இருக்கும் இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். 2015 வாக்கில் கண்டபடி ஓட்டிய சுற்றுலாப் பயணிகளின் வண்டிச் சாவியை உள்ளூர்க்காரர்களே பிடுங்கிக்கொண்ட சம்பவங்கள் நடந்து, செய்தியாகிப் பெரிய பேச்சாகிவிட்டது. சாவியைப் பிடுங்குவது சரியில்லை என்று போலீஸே சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஜனங்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வருகிற ரோடு அது.

இதையெல்லாம் படித்துவிட்டு “அதான் சொன்னேன், பஸ்” என்று நீ குதிப்பாய். கொஞ்சம் பொறு.

நான் காரைக் கேட்பது ஓட்டுகிற ஆசையில் இல்லை, நிறுத்துகிற ஆசையில். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்கபோ ஏரி சுமார் 225 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஏரிக்கரையில் 1935-ல் கட்டிய சின்னக் கல் தேவாலயம் ஒன்று இருக்கிறது, காலண்டரில் பார்த்திருப்பாய். டூர் பஸ் அங்கே நிற்கும். எத்தனை பஸ் ஒரே நேரத்தில் நிற்கும் என்பதுதான் கேள்வி. நூறு பேர் ஒரு கோயிலை போட்டோ எடுக்கிற கூட்டத்தில் நாமும் நாலு பேராக நின்று, அரை மணியில் விசில் அடித்ததும் ஏற வேண்டும். கார் இருந்தால் அங்கேயே அறை எடுத்து, சாயங்காலம் பஸ்களெல்லாம் போனபிறகு போய் உட்காரலாம். நாம் போகிற மாதத்தில் லூபின் என்று ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு பூ ரோட்டோரமெல்லாம் பூத்துக் கிடக்குமாம். என் வீட்டுக்காரி இப்போதே அதன் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறாள். உண்மையில் அது வெளியிலிருந்து வந்த களை. ஆற்று மணலில் பரவி, அங்கே கூடு கட்டும் கருப்பு நெடுங்கால் உள்ளான் போன்ற அபூர்வப் பறவைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நம் நீலகிரியில் சீகை மரம் செய்த வேலையை அங்கே பூ செய்கிறது. இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பூவைப் பார்த்து முடிக்கட்டும்.

எனக்கு அங்கே வேறு ஒன்றைப் பார்க்க வேண்டும், அதற்கு எந்த டூர் பஸ்ஸும் நிற்காது. டெக்கபோ ஏரித் தண்ணீரைச் சுரங்கத்தில் இறக்கி ஒரு மின்நிலையம், அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் கால்வாயில் ஓடவிட்டு, புகாக்கி ஏரிக்கரையில் இன்னொரு மின்நிலையம், அப்புறம் இன்னும் கால்வாய், இன்னும் நிலையங்கள். இப்படி வைட்டாக்கி ஆறு வரை மொத்தம் எட்டு. ஒரே தண்ணீர் எட்டு முறை வேலை செய்கிறது. குந்தாவில் நான் வேலை பார்த்த நாட்களில் நாங்களும் இப்படித்தான் அவலாஞ்சி, எமரால்டு தண்ணீரைப் படிப்படியாக இறக்கி இறக்கி எடுத்தோம். அதை கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தில் கனடாக்காரர்கள் உதவியோடு கட்டினார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அங்கே என்ன வித்தியாசம் என்றால், பனிமலை அரைத்த கல்மாவு கலந்து கால்வாய்த் தண்ணீரே வெளிர் நீலமாக ஓடுகிறது, அதிலேயே சால்மன் மீன் பண்ணையும் வைத்திருக்கிறார்கள். நம் கால்வாய்களில் நான் பார்த்ததெல்லாம் பாசியும் செருப்பும். பக்கத்தில் ட்வைஸல் என்று ஓர் ஊர், 1968-ல் இந்தக் கட்டுமானத் தொழிலாளிகளுக்காகவே உண்டாக்கியது. வேலை முடிந்ததும் காலி செய்ய வேண்டிய ஊர். ஜனங்கள் மறுத்துவிட்டார்கள், ஊர் நின்றுவிட்டது. அங்கே ஒரு காபி குடிக்காமல் நான் வர மாட்டேன். நீ காரிலேயே தூங்கு.

குக் மலைக்கும் இதே கதை. 3,724 மீட்டர், அந்த நாட்டிலேயே உயரமானது. புகாக்கி ஏரிக்கரையோடு போகும் ரோடு மலையடிவார ஊரில் முடிந்துவிடும், தாண்டிப் போக வழியில்லை. மேகம் மூடியிருந்தால் பஸ்காரன் “அந்தப் பக்கம்தான் மலை” என்று கையைக் காட்டிவிட்டுத் திருப்பிவிடுவான். நாம் அங்கே ஒரு ராத்திரி தங்கினால் காலையிலாவது அது முகம் காட்டலாம். காட்டாமலும் போகலாம், அது வேறு விஷயம்.

ஆனால் மில்ஃபோர்ட் சவுண்டு என்ற கடல் நுழைவாய்க்குப் போகிற விஷயத்தில் நான் உன் கட்சி. அங்கே பஸ்தான். குவீன்ஸ்டவுனிலிருந்து போக நாலு மணி, வர நாலு மணி, நடுவில் படகு. அதை ஒரே நாளில் ஓட்டுகிறவன் திரும்பும்போது ஏதாவது ஒரு வளைவில் கண்ணயர்வான். அதனால் முந்தின நாளே தே அனாவ் போய்த் தங்கி, காரை விடுதியில் போட்டுவிட்டு, அங்கிருந்து பஸ் ஏறலாம் என்பது என் திட்டம். தே அனாவிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது, போன் சிக்னலும் கிடையாது. அதோடு அந்த ரோட்டில் ஓட்டுகிறவன் ரோட்டை மட்டும்தான் பார்க்க முடியும், இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கிற பாறையைப் பார்க்க அவனுக்கு விதியில்லை. நம்மில் ஒருவன் ஏன் அதை இழக்க வேண்டும்?

போகிற வழியில் ஹோமர் சுரங்கம் வரும். 1935-ல், பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களைக் கொண்டு கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆரம்பித்தார்கள். இடையில் உலகப் போர், பனிச்சரிவுகள், உயிர்ச்சேதம். 1954-ல்தான் வண்டி போனது. ஒன்றேகால் கிலோமீட்டர், பத்துக்கு ஒன்று சரிவு, உள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும் வெறும் பாறை. கோடைக்காலப் பகலில் சிக்னல் வைத்து ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் விடுகிறார்கள். சிக்னலுக்குக் காத்திருக்கும் வண்டிகள் மேல் கியா என்ற மலைக்கிளி வந்து உட்கார்ந்து ரப்பர் பீடிங்கைப் பிய்க்கும். பஸ்ஸில் இருந்தால் அது வேடிக்கை. வாடகைக் காரில் இருந்தால் அது நம் செலவு.

செலவு என்றதும் நீ நிமிர்ந்து உட்காருவாய் என்று தெரியும். பஸ் டிக்கெட் தலைக்கு இவ்வளவு, கார் நாளுக்கு இவ்வளவு. நாலு பேர் என்னும்போது கார் பக்கம் கணக்கு சாய்கிறது. ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையை நம்பாதே. இன்சூரன்ஸ் உண்டு என்பார்கள், ஆனால் இடித்தால் முதல் சில ஆயிரம் டாலர் நம் பையிலிருந்து போகும். அதைக் குறைக்க நாளுக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்டலாம். கட்டினாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் அதில் சேருமா என்று படித்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் உன் பாங்க் கண் வேண்டும், பொடி எழுத்தைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். டீசல் வண்டி வேண்டாம். அங்கே டீசலுக்குச் சாலைவரி கிலோமீட்டர் கணக்கில் தனி, 2024 ஏப்ரல் முதல் மின்சாரக் காருக்கும் அப்படியே. பெட்ரோல் ஹைபிரிட் எடுப்போம். பெரிய பெட்டிகளை மகள் வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். இதைத் தங்கச்சியிடம் நீதான் சொல்ல வேண்டும், எனக்குத் தைரியமில்லை.

விபத்தில் அடிபட்டால் அந்த நாட்டு அரசுத் திட்டமே வெளிநாட்டுக்காரனுக்கும் சிகிச்சை பார்க்கிறது, யார் தப்பு என்று கேட்பதில்லை. 1974-லிருந்து இருக்கிறதாம். ஆனால் நெஞ்சு வலி, சர்க்கரை, காய்ச்சல் இதெல்லாம் அதில் வராது. ஆகவே பயண இன்சூரன்ஸ் நம் நாலு பேருக்கும் கட்டாயம்.

மேற்குக் கடற்கரைப் பக்கம் போக வேண்டும் என்ற உன் ஆசையை இந்த முறை விட்டுவிடு. பேர்பெற்ற பனியாறுகள் அங்கே இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழை பெய்தால் ரோடு சரியும். 2019 மார்ச்சில் ஃபிரான்ஸ் ஜோசஃப் பக்கம் வைஹோ ஆற்றுப் பாலத்தையே வெள்ளம் கொண்டுபோய், புதுப் பாலம் போடும்வரை ரோடு துண்டாகிக் கிடந்தது. திரும்பும் விமான டிக்கெட் கையில் உள்ளவன் அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதற்குப் பதிலாக கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து கிரேமவுத் போகும் ரயிலில் ஒரு நாள் போய்வருவோம். மலையைக் குறுக்கே தாண்டுகிறது, ஐந்து மணிக்குக் கொஞ்சம் குறைவான நேரம். ஓட்டுகிற கவலை யாருக்கும் இல்லை.

ஆக, என் முடிவு இது: கிறைஸ்ட்சர்ச்சில் கார் எடுக்கிறோம். டெக்கபோ, குக் மலை, லிண்டிஸ் கணவாய் வழியாக குவீன்ஸ்டவுன், அப்புறம் தே அனாவ். மில்ஃபோர்டுக்கு பஸ். குவீன்ஸ்டவுன் திரும்பி, விமான நிலையத்திலேயே காரை ஒப்படைத்துவிட்டு, கிறைஸ்ட்சர்ச்சுக்கு விமானம். வேறு ஊரில் விட்டால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், கேட்கட்டும். அதே ரோட்டில் திரும்பி ஓட்டுவதைவிட அது மேல்.

உன்னிடமிருந்து எனக்கு வேண்டியது இரண்டு. உன் டாக்டரிடம் கேட்டு, டிசம்பரில் நீ ஸ்டியரிங் பிடிக்கலாமா என்று எழுது. பிடிக்கலாம் என்றால் இரண்டாவது டிரைவராக உன் பெயரைச் சேர்க்கிறேன், இல்லையென்றால் ஒரு நாளைக்கு ஓட்டும் தூரத்தைக் குறைத்து இன்னும் ஒரு ராத்திரி கூட்டிவிடலாம். அடுத்தது, உன் லைசென்ஸை எடுத்து எந்தத் தேதியோடு முடிகிறது என்று பார். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க அங்கே வண்டி வாடகை ஏறிவிடும் என்று மகள் அவசரப்படுத்துகிறாள், அதனால் இந்த வாரமே பதில் போடு. தங்கச்சியையும் பேரனையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்