டைட்டானியம் வேன் சோதனைத் திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் ரோட்டர்வேன், அதாவது வாடிய கொழுந்தை ‘வேன்’ என்ற சுழலும் தகடுகளால் தள்ளி நசுக்கும் மெஷின், நின்றுபோன விஷயம் உங்களுக்குத் தெரியும். எழுத்திலும் கொடுத்தாயிற்று, போனிலும் சொல்லியாயிற்று. "பார்க்கிறோம்" என்ற பதிலோடு சரி. அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

டைட்டானியத்தோடு அதன் கார்பைடு (டைட்டானியமும் கார்பனும் சேர்ந்த மிகக் கடினமான பொருள்) துகளைக் கலந்து, லேசரால் அடுக்கடுக்காகப் படியவைத்த வேன்களை மானியத்தில் மாட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். தேய்மானம் குறையும் என்றீர்கள். குறைந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கொழுந்து வரத்து அதிகமாயிருந்த ஒரு ராத்திரியில் படாரென்று ஒடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். துளிகூட வளையவில்லை. அடிப்பக்கம், அடுக்குக் கோட்டை ஒட்டியே தட்டையாகப் பிளந்து, பொடிப்பொடியாக மின்னியது. பழைய ஸ்டீல் வேன் என்றால் முதலில் மடங்கும், சத்தம் மாறும், ஓடிப்போய் மெஷினை நிறுத்திவிடுவோம். இது அந்த அவகாசத்தைத் தரவில்லை.

சில்லு, அடுத்து இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலருக்குள் போய்ப் பற்களை உடைத்தது. அதுகூடப் பரவாயில்லை, லேத்தில் ஏற்றிச் சரிசெய்யலாம். தூளில் விழும் இரும்பைப் பிடிக்கக் காந்தம் வைத்திருக்கிறோமே, அதில் டைட்டானியம் ஒட்டாது, கார்பைடும் ஒட்டாது. எந்த மூட்டையில் சில்லு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அன்றைய தூள் முழுவதையும் ஒதுக்கினோம். மெஷின் நின்றதால் குவிந்து கிடந்த பச்சை இலை சூடேறிச் சிவந்துபோனது. கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயிகள் பறித்து அனுப்பிய இலை அது. காலையில் வந்து கேட்டவர்களுக்குப் பதில் சொன்னது உங்கள் குழு அல்ல, நாங்கள்தான்.

வேனோடு வந்த சான்றிதழை மறுபடி எடுத்துப் படித்தேன். கடினத்தன்மை இருக்கிறது, வலிமை இருக்கிறது. ஒடிவதற்குமுன் எவ்வளவு நீளும், விரிசல் விழுந்தால் எவ்வளவு தாங்கும் என்ற இரண்டும் இல்லை. கண்ணாடியும் கடினம்தானே ஐயா. கிரேடு 5 என்ற, பரவலாகப் புழங்கும் டைட்டானியக் கலவைக் கம்பிக்கான தர நிர்ணயமே 895 மெகாபாஸ்கல் இழுவலிமையோடு நின்றுவிடுவதில்லை. குறைந்தது 10 சதவீதம் நீள வேண்டும் என்றும் கேட்கிறது. துகள் சேரச் சேர அந்த நீட்சிதான் முதலில் அடிபடும். லேசர் உருக்கும்போது கார்பைடில் ஒரு பங்கு கரைந்து, ஆறும்போது கிளைகிளையாகத் திரும்ப உறைகிறது. கரையாத பெரிய துகள் அப்படியே நிற்கும். இழுவை ஏறினால் அதுதான் முதலில் பிளக்கும், அங்கிருந்து விரிசல் அடுத்த துகளுக்குத் தாவும். அடுக்குகள் சரியாக உருகிச் சேராத இடமோ நுண்துளையோ இருந்தால் சொல்லவே வேண்டாம். உருகும் உலோகத்தில் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் வாயுக் காப்பு பிசகி ஆக்சிஜன் புகுந்திருந்தால் டைட்டானியமே நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். இதெல்லாம் உங்கள் குழுவில் உள்ள பேராசிரியர்கள் அறியாததா?

ஆகவே கேட்பது இதுதான்: நீட்சியும் விரிசல் தாங்கும் திறனும் சான்றிதழில் வர வேண்டும். அதே மெஷினில், அதே பவுடரில் வேனோடு சேர்த்துப் படியவைத்த சோதனைத் துண்டில் அளக்க வேண்டும். அடுக்கின் போக்கிலும் அளக்க வேண்டும், குறுக்கேயும் அளக்க வேண்டும்.

மலைக்கு எதுவும் முதலில் சோதனையாகத்தான் வரும். திறப்பு விழாவுக்கு மூன்று கார் ஏறி வந்தது, ஒடிந்ததைப் பார்க்க ஒரு பைக் வரவில்லை. குன்னூர் ரோட்டில் வளைவுகள் அதிகம், சிரமம்தான். பச்சை இலை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது, விட்டுவிடுகிறேன்.

தொழில்நுட்பத்துக்கு நான் எதிரியில்லை. உள்ளே துகள் இல்லாத டைட்டானியமும், தேயும் விளிம்பில் மட்டும் நுண்ணிய துகளுமாகப் படியவைத்துக் கொடுங்கள், நானே மாட்டிப் பார்க்கிறேன். ஆனால் அந்த இரண்டு எண்களும் இல்லாமல் இன்னொரு தொழிற்சாலைக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒடிந்த துண்டுகளை எண்ணெய் தடவி, தாளில் சுற்றி ஒர்க்‌ஷாப்பில் வைத்திருக்கிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க விரும்பினால் ஆளனுப்புங்கள், ரசீது வாங்கிக்கொண்டு தருகிறேன். செப்டம்பர் வரத்து தொடங்குமுன் எழுத்தில் பதில் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தொழிற்சாலைப் பராமரிப்பு ஃபோர்மேன்,
குன்னூர்