ஊசிக்கு முன்னால் ஸ்லைடைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் புற்றுநோய்க்கான இம்யூனோதெரபி, அதாவது நம் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றின் மேல் ஏவும் சிகிச்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் மூளை வரை பரவிய பிறகும் 2015-ல் பெம்ப்ரோலிசுமாப் ஊசி போட்டுக்கொண்டு மீண்டார், 100 வயது வரை வாழ்ந்தார் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அவருக்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் சேர்த்துத்தான் நடந்தன என்பதையும் சொல்லியிருக்கலாம். இதைப் படிக்கிற குடும்பம் டாக்டரிடம் போய், "நிலத்தை விற்றாவது கட்டுகிறோம், அந்த ஊசியைப் போடுங்கள்" என்றுதான் கேட்கும். ஊசி யாருக்கு வேலை செய்யும் என்று பார்க்கும் பரிசோதனைகளுக்குக் கட்டுரையில் கிடைத்தது ஒரே ஒரு வரி. அரசு மருத்துவமனை பேத்தாலஜி லேபில் திசு வெட்டிச் சாயம் ஏற்றியே ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரு வரியை விரித்துச் சொல்லத்தான் இக்கடிதம்.

நம் உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்களான டி-செல்கள் அளவுக்கு மீறிப் பாயாமல் இருக்க அவற்றின் மேலேயே சில தடைப் புரதங்கள் உண்டு. சிடிஎல்ஏ-4 ஒன்று, பிடி-1 இன்னொன்று. இவற்றை வைத்துப் புற்றுநோய்க்கு வழி கண்ட ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள். புற்றுச்செல் தன் மேல் பிடி-எல்1 என்ற புரதத்தை வளர்த்துக்கொண்டு, அதை டி-செல்லின் பிடி-1-ல் பொருத்தி டி-செல்லைச் செயலிழக்க வைக்கிறது. ஊசி அந்தப் பொருத்தத்தைத் தடுக்கிறது. ஊசி டி-செல்லின் பிரேக்கை விடுவிக்கிறது என்று கட்டுரையாளர் சொன்ன உவமை சரிதான், ஆனால் எல்லாக் கட்டியும் இந்த பிரேக்கை மட்டுமே நம்பி ஓடுவதில்லை.

அதனால்தான் பிடி-எல்1 பரிசோதனை. கட்டியின் திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துச் சாயம் ஏற்றினால், புரதம் உள்ள செல்லின் ஓரத்தில் பழுப்புக் கோடு விழும், உட்கரு நீலமாக நிற்கும். குறைந்தது 100 புற்றுச்செல்லாவது இருந்தால்தான் எண்ண முடியும். மூச்சுக்குழாய் வழியாக எடுத்த துண்டு பல சமயம் அரிசி அளவுகூட இருக்காது. அதில் நாலைந்து பரிசோதனை முடிவதற்குள் திசு தீர்ந்துவிடும். நுரையீரலில் இருக்கும், கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களும் பழுப்பாகும், அவற்றைச் சேர்த்து எண்ணிவிட்டால் கணக்கு எகிறிவிடும். புரதத்தில் போய் ஒட்டிச் சாயம் பிடிக்க வைக்கும் ஆன்டிபாடியும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரே மாதிரி சாயம் பிடிப்பதுமில்லை. ரிப்போர்ட்டில் 'டிபிஎஸ்' என்றால் புற்றுச்செல்களில் எத்தனை சதவீதம் என்று பொருள். 'சிபிஎஸ்' என்றால் சுற்றியுள்ள நோய் எதிர்ப்புச் செல்களையும் கூட்டிய மதிப்பெண். அது சதவீதம் இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்து, "உங்கள் அப்பாவுக்கு 20 சதவீதமா, எங்களுக்கு 50" என்று வராண்டாவில் ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எண் பெரிதாக இருந்தும் ஊசி பலிக்காதவர்கள் உண்டு. பூஜ்யம் வந்தும் பலித்தவர்கள் உண்டு.

நுரையீரல் புற்றுநோயில் இன்னொரு சிக்கல். நம் நாட்டில் அடினோகார்சினோமா என்ற, சுரப்பிச் செல்லில் தொடங்கும் வகை வருபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு செல் வளர்ச்சியைத் தூண்டும் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது, புகைபிடிக்காதவர்களிடம் இன்னும் அதிகம். இவர்களுக்கு பிடி-எல்1 எவ்வளவு உயர்ந்திருந்தாலும் ஊசி பெரும்பாலும் உதவுவதில்லை. அமெரிக்காவில் இதையே சோதித்த ஒரு சிறு ஆய்வைப் பலனில்லை என்று 11 பேரோடு நிறுத்தினார்கள். முடிவு 2018-ல் வெளியானது. அது மட்டுமா? ஊசியை முதலில் போட்டுவிட்டு உடனே இந்த மரபணு மாற்றத்துக்கான ஒசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. ஆகவே இஜிஎஃப்ஆர் ரிப்போர்ட் கைக்கு வருமுன் அவசரப்பட்டு ஊசியைத் தொடங்கக் கூடாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது எம்எம்ஆர் பரிசோதனை. டிஎன்ஏ நகலெடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்களுக்கு நான்கு சாயம், அவ்வளவுதான். கட்டியின் உட்கருவில் பழுப்பு காணாமல் போய், பக்கத்து நல்ல செல்லில் மட்டும் இருந்தால் திருத்தும் வேலை கெட்டுவிட்டது என்று அர்த்தம். பிழைகள் மலிந்த இந்தக் கட்டியை டி-செல்கள் சுலபமாக அடையாளம் காணும். 2017-ல் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ, எந்த உறுப்பின் புற்று என்று பாராமல் இந்தக் குறையை மட்டும் வைத்தே பெம்ப்ரோலிசுமாப்புக்கு முதன்முறையாக அனுமதி கொடுத்தது. 2022-ல் நியூயார்க்கில் இதே குறையுள்ள மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கு இதே வகை ஊசியான டோஸ்டார்லிமாப் மட்டும் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி மறைந்தது; கத்தி வைக்கவில்லை, கதிர்வீச்சும் இல்லை. ஆனால் பரவிய பெருங்குடல் புற்றுநோயில் இந்த வகை சுமார் 5 சதவீதம்தான். மற்றவர்களுக்கு இதே ஊசியைத் தனியாகப் போட்டால் பணம்தான் கரையும். இந்த இரண்டு தரப்பையும் பிரித்துக்காட்டும் சாயத்தின் செலவு ஊசியின் விலைக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. எல்லா அரசு மருத்துவக் கல்லூரி லேபிலும், வருகிற ஒவ்வொரு குடல் புற்றுநோய்த் திசுவுக்கும் இதைக் கட்டாயமாகச் செய்யலாம்.

கீமோ மாதிரி பக்க விளைவு கிடையாது என்று எழுதியதும் அரைகுறை. அவிழ்த்துவிட்ட டி-செல் தைராய்டையும் குடலையும் நுரையீரலையும் தாக்கலாம், அரிதாக இதயத்தையும். ஊசி நின்று பல மாதம் கழித்துக்கூட வரும். இரவில் வயிற்றுப்போக்கு என்று காஷுவாலிட்டிக்குப் போனால், இந்த ஊசி போட்ட விவரத்தை முதலில் சொல்ல வேண்டும்.

விலைக்கு வருகிறேன். 2023-ல் பெம்ப்ரோலிசுமாப்புக்கும் 2024-ல் இதே வகை ஊசியான துர்வலுமாப்புக்கும் மத்திய அரசு சுங்க வரியை நீக்கியது. அப்படியும் எட்டாத விலைதான். மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கட்டுரையில் இல்லாதது எனக்கு வருத்தம். முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரில் ஒரு பாதிக்கு மாத்திரை மருந்துகளோடு, இதே வகை ஊசியான நிவோலுமாப் 20 மில்லிகிராம் மட்டும், 3 வாரத்துக்கு ஒரு முறை. வழக்கமான அளவு 2 வாரத்துக்கு 240. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 16.7 சதவீதம், ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4. முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு இல்லை இது. அப்படி ஒன்றை மருந்துக் கம்பெனி தன் பணத்தில் நடத்தும் என்று நான் நம்பவில்லை. அரசுப் பணத்தில்தான் நடக்க வேண்டும். உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை சுகாதாரத் துறையிடம் இதைக் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
மதுரை.