நீங்கள் நேரில் கண்ட வேலையை எழுதித் தாருங்கள்: தமிழ்நாட்டின் மூத்த பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கட்டுமான நிறுவனங்களிலும் கட்டமைப்பு ஆலோசனை அலுவலகங்களிலும் இளம் பொறியாளர்களை வழிநடத்தும் மதிப்புக்குரிய மூத்தவர்களுக்கு, வணக்கம்.

உங்களிடம் சில ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டுக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குக் குடிபெயர்ந்த ஒருவர் அங்கே தொழில்முறைப் பொறியாளர் உரிமம் பெறுவாரா என்பது இன்று பெருமளவுக்கு உங்கள் கையில் இருக்கிறது. முன்பு நிலைமை இப்படி இல்லை என்பதால், இது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

2023 மே மாதம் வரை, ஒன்ராறியோவில் உரிமம் கேட்பவர் 48 மாதப் பொறியியல் அனுபவம் காட்ட வேண்டியிருந்தது. அதில் குறைந்தது 12 மாதங்கள் கனடாவிலேயே, அங்கு உரிமம் பெற்ற ஒரு பொறியாளரின் மேற்பார்வையில் கழிந்திருக்க வேண்டும். உரிமம் இல்லாதவருக்குப் பொறியாளர் வேலை தரப் பலரும் தயங்கினார்கள். அந்த வேலை இல்லாமல் உரிமமும் கிடைக்கவில்லை. சென்னையில் பல மாடிக் கட்டடங்களுக்கு வடிவமைப்புச் செய்தவர்கள் டொராண்டோ கிடங்குகளில் பெட்டி தூக்கியதற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம். கனடிய அனுபவம் கேட்பது மேலோட்டமாகப் பார்த்தாலே பாகுபாடுதான் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013இல் கொள்கை அறிக்கை வெளியிட்டது. மாகாண அரசு 2021இல் சட்டத்தைத் திருத்தியதைத் தொடர்ந்து, அங்கு உரிமம் வழங்கும் அமைப்பான ஒன்ராறியோ தொழில்முறைப் பொறியாளர் சங்கம் அந்த 12 மாத நிபந்தனையைக் கைவிட்டது. 48 மாதங்கள் என்ற அளவு மட்டும் இன்றும் நீடிக்கிறது. ஆனால் அந்த அனுபவம் இப்போது கோயம்புத்தூரில் கிடைத்ததாகவும் இருக்கலாம், ஓசூரில் கிடைத்ததாகவும் இருக்கலாம்.

இதனால் சுமை இடம் மாறியிருக்கிறது. எங்கே வேலை செய்தீர்கள் என்ற கேள்வியின் இடத்தில், என்ன செய்தீர்கள், அதை நேரில் அறிந்து உறுதிப்படுத்தக்கூடிய பொறியாளர் யார் என்ற கேள்வி வந்திருக்கிறது. விண்ணப்பதாரர் ஏழு பிரிவுகளில் 34 திறன்களுக்குத் தனித்தனியாக விளக்கம் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பிட்ட சூழ்நிலை, அதில் அவர் தாமே செய்த செயல், அதனால் கிடைத்த விளைவு ஆகிய மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். அந்த விளக்கம் பின்னர் அவருடைய வேலையை நேரடியாக அறிந்தவருக்கு இணையவழியில் அனுப்பப்படுகிறது. அவர் அதைப் படித்து, உண்மையா என்று உறுதி செய்து, 0 முதல் 5 வரையான அளவுகோலில் மதிப்பிட்டு, தம் கருத்தையும் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் பெற்ற அனுபவம் என்றால், அந்தச் சரிபார்ப்பாளர் பெரும்பாலும் நீங்கள்தான்.

நம் ஊர் வழக்கம் இதற்குத் துளியும் ஆயத்தமாக இல்லை. வேலையை விட்டுப் போகிறவருக்கு ஹெச்.ஆர். பிரிவு லெட்டர்பேடில் ஒரு பத்தி அச்சிட்டுத் தருகிறது. சேர்ந்த நாள், விலகிய நாள், வகித்த பதவி, நன்னடத்தை, எதிர்காலத்துக்கு வாழ்த்து ஆகியவற்றோடு அது முடிந்துவிடுகிறது. அந்தத் தாளிலிருந்து அவர் தூணுக்குக் கம்பி கணக்கிட்டாரா, பிறர் கணக்கிட்டதை வரைபடத்தில் ஏற்றினாரா, தளத்தில் நின்று கான்கிரீட் வண்டிகளை எண்ணினாரா என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்காக உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இந்தியாவில் பொறியாளர்களுக்கென்று பொதுவான உரிமச் சட்டம் இல்லை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கட்டமைப்புப் பொறியாளர்களைப் பதிவு செய்யச் சொல்கின்றன என்றாலும், நம் பொறியாளர்களில் பெரும்பாலோர் தம் அனுபவத்தை விரிவாக எழுதிக்காட்ட வேண்டிய கட்டாயம் எதையும் சந்திக்காமலே ஓய்வு பெறுகிறார்கள். இலங்கையில் பட்டயப் பொறியாளர் தகுதிக்கு முயல்பவர்கள் தம் பயிற்சியையும் பணியையும் எழுதி மூத்தவர்கள் முன் விளக்கிப் பழகியிருக்கிறார்கள். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எழுதித் தருவது என்றால் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். கடற்காற்று நேரடியாகப் படும் இடத்தில் ஒரு கட்டடம். வரைபடத்தில் உத்தரங்களுக்கு 30 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடிக் காக்கும் கான்கிரீட்டின் தடிமன், குறிக்கப்பட்டிருக்கிறது. இளம் பொறியாளர் ஒருவர் கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐஎஸ் 456ஐப் பார்த்து, அந்தச் சூழல் ‘கடுமையான’ வகையைச் சேர்ந்தது, ஆகவே 45 மில்லிமீட்டர் கவரும் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரமுள்ள கான்கிரீட்டும் தேவை என்று சொல்கிறார். கவர் கூடும்போது உத்தரத்தின் பயனுறு ஆழம், அதாவது சுமையைத் தாங்குவதில் கணக்கில் வரும் உயரம், குறைகிறது. ஆகவே கம்பியைக் கூட்டுவதா, ஆழத்தைக் கூட்டுவதா என்று மறுபடியும் கணக்கிடுகிறார். மாடி உயரம் குறைவதை ஏற்காத கட்டடக் கலைஞரிடம் பேசி ஒரு தீர்வுக்கு வருகிறார். விதிகளை அறிந்திருத்தல், இடரைக் கண்டுகொள்ளுதல், பிற துறையினரோடு பேசி முடிவெடுத்தல் என்று எத்தனையோ திறன்களுக்கு இந்த ஒரு நிகழ்வே சான்றாகும். ‘கட்டமைப்பு வடிவமைப்புப் பணிகளில் ஈடுபட்டார், கடின உழைப்பாளி’ என்று எழுதினால் அத்தனையும் மறைந்துபோகிறது. கட்டட உரிமையாளரின் பெயரோ வரைபடமோ வெளியே போய்விடும் என்று அஞ்சி நிறுவனங்கள் தயங்குவதை அறிவேன். மேலே சொன்ன நிகழ்வை எழுத அந்த இரண்டில் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

‘நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்று நம்மிடையே அன்போடு சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் இங்கே அது உதவாது, கெடுதலும் செய்யும். உங்கள் கருத்து விண்ணப்பதாரரின் வாசகத்தையே திருப்பிச் சொன்னால் அதற்கு எடை இருக்காது. எல்லாத் திறனுக்கும் 5 போட்டுவிட்டு ஒரு வரியும் எழுதாமல் விட்டால் உங்கள் மதிப்பீட்டின் மேலேயே ஐயம் எழும். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒருவரால் பொறுப்பேற்றுக் கையெழுத்திட முடியுமா என்று அந்நிய நாட்டுச் சங்கம் ஒன்று இத்தனை நுணுக்கமாகக் கேட்பதைக் காகிதத் தொல்லை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

உடன்படாமல் பிரிந்துபோனவர்களின் கோரிக்கைகளுக்குப் பதிலே அனுப்பாத மேலாளர்களும் இருக்கிறார்கள். அறிவிப்புக் காலம் முடியும் முன்பே போனார், போட்டி நிறுவனத்தில் சேர்ந்தார் என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் அவர் உங்களிடம் செய்த கணக்கு செய்த கணக்குதான். அதை உறுதிப்படுத்த மறுப்பது அவருடைய வாழ்க்கையின் சில ஆண்டுகளை அழிப்பதற்கு ஒப்பாகும். இதை வன்மையாகவே சொல்கிறேன்.

இன்று உங்கள் அலுவலகத்தில் இருக்கும் இளையவர்களுக்காக ஒன்று கேட்கிறேன். வடிவமைப்புக் கணக்குத் தாளில் தயாரித்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. பல அலுவலகங்களில் இரண்டிலும் மூத்தவரின் பெயர் மட்டுமே ஏறுகிறது. கணக்கை உண்மையில் போட்டவரின் பெயரை முதல் கட்டத்தில் எழுதவிடுங்கள். அவர்கள் தமக்கென ஒரு பணிக் குறிப்பேடு வைத்துக்கொள்ளவும், ஒவ்வொரு திட்டம் முடியும்போதும் தம் பங்கு என்னவென்று ஒரு பக்கம் எழுதி உங்களிடம் காட்டவும் சொல்லுங்கள். நினைவு பசுமையாக இருக்கும்போது நீங்கள் திருத்தித் தரும் அந்தப் பக்கம், பல ஆண்டுகள் கழித்து இருவருக்கும் கைகொடுக்கும். நீங்கள் ஓய்வு பெற்றதும் நிறுவன மின்னஞ்சல் முகவரி நின்றுவிடும் என்பதால், உங்களை எப்படித் தொடர்புகொள்வது என்பதையும் பிரிந்துபோகிறவரிடம் சொல்லி வையுங்கள்.

ஒன்ராறியோவிலிருந்து சரிபார்ப்புக் கோரிக்கை வரும்போது, அதில் அவர் எழுதியிருப்பதை முழுவதும் படியுங்கள். நீங்கள் நேரில் கண்டதை மட்டும் உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். அவருடைய திறமை குறைவாக இருந்த இடத்தில் குறைவான மதிப்பெண்ணே போடுங்கள். குறிப்பிட்ட ஒரு வேலை உங்கள் பார்வையில் நடக்கவில்லை என்றாலோ, எழுத நேரமே இல்லை என்றாலோ, அதை அவரிடம் உடனே தெரிவித்துவிடுங்கள். அந்த வேலையை அறிந்த இன்னொரு பொறியாளரைத் தேடிப் பிடிக்க அவருக்கு அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒன்ராறியோவில் பணிபுரியும் ஒரு தமிழ்நாட்டுக் கட்டமைப்புப் பொறியாளர்